விலாசம் தெரியாத ஈ

இந்தப் பதிவைப் படித்துவிட்டு என் தோட்ட நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். ஒன்றரை வருடமாக மனசுக்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருந்ததை இன்று எழுதிவிடுவது என்று காலை காபி முடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். செல்போனில் ஒரு ஈயைப் படம் பிடித்து, அதற்கு முழு அறிவியல் பெயரையும் ஒட்டி, நாலு பேருக்கு அனுப்பும் பழக்கத்தை நாம் விட வேண்டும். படம் பிடிக்கட்டும், தாராளமாகப் பிடிக்கட்டும். பெயர் ஒட்டுவதைத்தான் சொல்கிறேன். அதிலும் புழுக்களின் உடம்பில் முட்டையிட்டு, உள்ளேயே தின்று வளர்ந்து, கடைசியில் புழுவையே கொன்றுவிட்டு வெளியே வருகிற ஒட்டுண்ணி ஈக்கள் விஷயத்தில் இந்தப் பழக்கம் ஆபத்தானது. தோட்டத்தில் எடுத்த ஒரே ஒரு போட்டோவை வைத்து இவற்றின் இனத்தைச் சொல்வது பெரும்பாலும் ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லாமல் பெயராகச் சொன்னால் அது பொய். அப்படிப் பொய் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தத் தகுதியில்தான் இவ்வளவு காரமாக எழுதுகிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு உடுமலைப் பக்கம் சொந்த ஊருக்கே வந்து, வீட்டுக்குப் பின்னால் பதினைந்து சென்ட் இடத்தில் எலுமிச்சை, கறிவேப்பிலை, கத்தரி, அவரை, நாலு செண்டுமல்லிச் செடி என்று பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தேன். மகன் வாங்கிக் கொடுத்த செல்போனில் காமிரா நன்றாக இருந்தது. முதலில் பூக்கள், பிறகு வண்ணத்துப்பூச்சிகள், அவையும் அலுத்த பிறகு ஈக்கள்.

ஈ என்றால் முகம் சுளிக்காதீர்கள். அவரைப் பந்தலில் வந்து உட்காரும் சில ஈக்களை உற்றுப் பார்த்தால் முதுகெல்லாம் முள்ளு முள்ளாக முடி. வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் தாட்டியமாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். இலைக்கு இலை தாவித் தாவி எதையோ தேடிக்கொண்டே இருக்கும். இவை டாக்கினிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை என்றும், தேடுவது புழுவை என்றும் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய சந்தோஷம். உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் 8,500 இனங்களுக்கு மேல் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் சூட்டாதவை இன்னும் ஏராளம்.

இந்த எண்ணைப் படித்த அன்றே நான் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. செல்போனில் ஒரு செயலி இருந்தது. படத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லும். காட்டினேன், சொன்னது. அந்தப் பெயரை ஒரு நோட்டில் எழுதி, படத்தின் கீழும் போட்டு, சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவுக்கும் தோட்டக்காரர்கள் குழுவுக்கும் அனுப்பினேன். “எப்படிங்க இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?” என்று நாலு பேர் கேட்டார்கள். வேலையில் இருந்த காலத்தில்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த ருசி பொல்லாதது.

ஐப்பசி மாதம் ஒருநாள், எலுமிச்சைச் செடியில் சாம்பல் நிறத்தில் ஒரு முள்முடி ஈ. செயலி சொன்ன முதல் பெயர் ‘எக்சோரிஸ்டா லார்வாரம்’. தேடிப் பார்த்தேன். அது ஐரோப்பாவில் பரவலாக இருக்கிற இனம். சரி, நம் ஊரில் அதன் பங்காளி எது என்று பார்த்தேன். ‘எக்சோரிஸ்டா பாம்பிசிஸ்’ என்று வந்தது. பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ! நம் ஊரைச் சுற்றிப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். ஆகவே இது அதுதான் என்று தீர்மானித்துவிட்டேன். இயந்திரம் பாதி தப்பு செய்தது. மீதியை என் அறிவு செய்தது. “நம்ம தோட்டத்தில் ஊசி ஈ! எக்சோரிஸ்டா பாம்பிசிஸ்” என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். கூடவே ஒரு ஆச்சரியக்குறி. அந்த ஆச்சரியக்குறியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஊசி ஈ என்றால் என்ன என்று பட்டு வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெண் ஈ பட்டுப்புழுவின் உடம்பில் குண்டூசித் தலையளவு வெளிர் நிற முட்டை ஒன்றிரண்டு வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, குட்டிப் புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். போன இடத்தில் கறுப்பாக ஒரு தழும்பு. அப்புறம் உள்ளேயிருந்து தின்னும். சீக்கிரம் தாக்கப்பட்ட புழு கூடு கட்டுவதற்கு முன்பே சாகும். தாமதமாகத் தாக்கப்பட்டது கூடு கட்டும். ஆனால் ஈயின் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து நூல் எடுக்க முடியாது. ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். வங்காளத்தில் இருந்த இந்தத் தொல்லை 1980-இல் கர்நாடகத்துக்கு வந்து, அங்கிருந்து நம் பக்கமும் பரவியது. ‘உஜி’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் புழு என்று அர்த்தம். அது நம் ஊர் வாயில் ஊசி ஆகிவிட்டது. ஊசி குத்தியதுபோல் தழும்பு இருப்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே உட்கார்ந்துகொண்டது.

என் தங்கை மகன் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஃபர்லாங் தள்ளி மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறான். அந்த வாட்ஸப் குழுவில் அவனும் இருந்தான். அப்போது அவன் ஷெட்டில் 150 முட்டைத் தொகுதி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தொகுதிக்கு 400 முதல் 500 முட்டை என்று வைத்துக்கொண்டால் அறுபதாயிரம் புழுவுக்கு மேல். எல்லாம் ஐந்தாம் பருவம். வாழ்நாள் தீனியில் பெரும்பகுதியைத் தின்பது அந்த ஒரு வாரத்தில்தான். மழை போலச் சத்தம் கேட்கும், அப்படித் தின்னும்.

ஷெட்டுக்கு ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் நைலான் வலை போட்டிருந்தான். வேறு ஒன்றுமே அவன் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து ஊரில் ஒருத்தருக்கு முந்தின பட்டத்தில் ஊசி ஈ விழுந்து நஷ்டமானதைப் பார்த்திருந்தான். என் படத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டான். தன் மல்பெரித் தோட்டத்து வரப்பில் போய்ப் பார்த்திருக்கிறான். அங்கேயும் அதே மாதிரி ஈக்கள். இருக்காதா பின்னே? எந்தத் தோட்டத்தில்தான் இல்லை? வரப்பிலும் வேலியோரச் செடிகளிலும் பூச்சிமருந்து அடித்துவிட்டான். காற்றில் மருந்து மல்பெரி இலைக்கும் போயிருக்கிறது. மறுநாள் அந்த இலையைத்தான் வெட்டிப் போட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, வாயிலிருந்து பச்சையாகத் திரவம் கக்கிக்கொண்டு, சுருங்கிக் கிடந்தன. மழைச் சத்தம் இல்லை. முக்கால்வாசி போய்விட்டது. அந்தப் பட்டத்துப் பணத்தில்தான் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதாக இருந்தான்.

“ஏன் மாப்பிள்ளை, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“எதைக் கேக்கறதுங் மாமா? பேரே போட்டிருந்தீங்களே. நீங்க படிச்சவங்க, பார்த்துத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான் நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை. அவன் மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போனது என்று பிறகு தங்கை சொல்லித் தெரிந்தது.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. கோவையில் பூச்சியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு அம்மாவை நண்பர் மூலமாகப் பிடித்து, என் நோட்டையும், டாக்கினிட் என்று நான் பெயர் போட்டிருந்த பதினான்கு ஈக்களின் படங்களையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். எலுமிச்சைச் செடிப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

“டாக்கினிட்ங்கிற வரைக்கும் சொல்லலாம் சார். அதுக்கு மேல இந்தப் படத்துல இல்லை.”

“எக்சோரிஸ்டாவா மேடம்?”

“இருக்கலாம்.”

“ஊசி ஈயா?”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படத்துல இல்லாததை நான் எப்படி சார் படிக்கிறது?”

பதினான்கில் ஐந்து டாக்கினிட்டே இல்லை, இறைச்சி ஈக்கள். ரோஜாவுக்கு மீன் அமிலம் ஊற்றினேனே, அந்த நாற்றத்துக்கு வந்தவை. மீதி ஒன்பதில் ஆறுக்குக் குடும்பப் பெயர் மட்டும். மூன்றுக்குப் பேரினம் இன்னதாக இருக்கலாம் என்று பென்சிலால் எழுதினார். இனப்பெயர் ஒன்றுக்குக்கூடக் கொடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இதையே பார்த்த மனுஷி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் செல்போனை ஆட்டிய நான் பதினான்கும் சொல்லியிருந்தேன்.

ஏன் முடியாது என்பதை அவர் காட்டினார். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதுகுக் கோடுகளை எண்ணுங்கள் என்றார். இறைச்சி ஈக்கு மார்பின் மேல் மூன்று கறுப்புக் கோடு. வயிறு சதுரங்கப் பலகை மாதிரி மினுமினுக்கும். ஊசி ஈக்கு நான்கு கோடு. அட, இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். “அவசரப்படாதீங்க, வீட்டு ஈக்கும் நான்குதான்” என்றார். டாக்கினிட் குடும்பத்தில் வேறு பல ஈக்களுக்கும் நான்குதான். ஆகவே மூன்று என்றால் ஊசி ஈ இல்லை என்று தள்ளலாம்; நான்கு என்றால் ஒன்றும் நிரூபணம் ஆகாது.

அடுத்தது முதுகின் பின்முனை. அங்கே முக்கோணமாகச் சின்னக் கேடயம் போல ஒரு பாகம் இருக்கும். அதற்கு அடியில் தலையணை வைத்ததுபோல் உருண்டையாக ஒரு புடைப்பு இருந்தால்தான் டாக்கினிட். வீட்டு ஈக்கோ இறைச்சி ஈக்கோ அப்படிப் புடைத்திருக்காது. ஆனால் மேலேயிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. பக்கவாட்டில் எடுக்க வேண்டும். என் படங்களில் முக்கால்வாசி மேலேயிருந்து எடுத்தவை. அழகாக இருக்குமே என்று!

மூன்றாவது, உணர்கொம்பிலிருந்து கிளம்பும் மயிரிழை. வீட்டு ஈக்கு அது இறகு போலக் கிளைத்திருக்கும். டாக்கினிட்டில் பெரும்பாலும் வெறும் இழை. இதைப் பார்க்க ஈயின் முகத்துக்கு நேராகக் காமிரா போக வேண்டும்.

இவ்வளவும் சரியாக விழுந்தால் கிடைப்பது குடும்பம். அதற்குக் கீழே போக, காலில் எத்தனை முள், நெற்றியில் முள்வரிசை எதுவரை இறங்குகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். இனத்தை உறுதி செய்ய, பல சமயம் ஆண் ஈயின் பிறப்புறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்துத்தான் ஆக வேண்டும். ஈயைக் கையில் வைத்திருந்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஊசி ஈக்கு ‘எக்சோரிஸ்டா சார்பில்லன்ஸ்’ என்ற பெயரும் உண்டு, ‘எக்சோரிஸ்டா பாம்பிசிஸ்’ என்ற பெயரும் உண்டு. அதிலேயே வாழ்கிறவர்களுக்கு இந்த நிலை என்றால், எலுமிச்சை இலைமேல் மூன்றடி தூரத்திலிருந்து எடுத்த என் படம் எம்மாத்திரம்?

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. ஆறு இலக்கம். முதல் இலக்கம் மண்டலம், இரண்டாவது உட்பிரிவு, மூன்றாவதோடு சேர்ந்தால் சார்ட்டிங் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் அலுவலகம். 642 என்று பார்த்தால் பொள்ளாச்சிப் பக்கம் என்று கை தானாகவே போகும். சில கடிதங்களில் மழை பட்டுக் கடைசி மூன்று இலக்கம் அழிந்திருக்கும். அப்போது சார்ட்டர் என்ன செய்வான்? 642 பையில் போடுவான். அங்கே இருப்பவன் ஊர்ப்பெயரைப் பார்ப்பான். அடுத்தவன் தெருவைப் பார்ப்பான். அழிந்த மூன்று இலக்கத்தைத் தானே பேனாவால் எழுதும் சார்ட்டரை நான் பார்த்ததில்லை. எழுதினால் கடிதம் நிச்சயமாக வேறு ஊருக்குப் போகும்; அதைவிட மோசம், அது தப்பு என்று அடுத்தவனுக்குத் தெரியவே தெரியாது. அழிந்த விலாசம் சந்தேகத்தைக் காட்டும். எழுதிய விலாசம் சந்தேகத்தை மறைக்கும்.

எங்கள் இலாகாவில் ‘தெரியவில்லை’ என்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. ஆர்.எல்.ஓ. என்போம். கொடுக்கவும் முடியாத, திருப்பவும் முடியாத கடிதங்கள் அங்கே போகும். அங்கே அனுப்பியதற்காக எந்தச் சார்ட்டரும் வெட்கப்பட்டதில்லை.

அந்தச் செயலி வேலை செய்யும் விதமும் எனக்குச் சார்ட்டிங் கேஸை வைத்துத்தான் புரிந்தது. அதற்கு ஏற்கெனவே காட்டிய படங்களோடு நம் படத்தை ஒப்பிட்டு, எதைப் போல இருக்கிறது என்று சொல்கிறது. அதனிடம் எந்த இனங்களுக்குப் போதுமான படங்கள் இருக்கின்றனவோ அவற்றுக்குத்தான் புறாக்கூடு உண்டு. பெயரிட்ட படங்கள் குவிந்து கிடப்பது ஐரோப்பா, அமெரிக்கா பூச்சிகளுக்கு. உடுமலை ஈக்குக் கூடே இல்லை என்றால், இருக்கிற கூடுகளில் பக்கத்துக் கூட்டில் போட்டுவிடும். இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. ‘இதைப் போல இருக்கிறது’ என்று அது சொன்னதை ‘இதுதான்’ என்று படித்தது நாம்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். தோட்டக்காரர்கள் குழுவில் இதைப் பேசியபோது வந்தவை.

“ஒரு பேரு போட்டா என்னங்க குடி முழுகிடும்? ஒரு சந்தோஷம்தானே?” குடி முழுகாமல் இருக்கலாம். வளையல் இரண்டு அடகுக்குப் போனதைச் சொன்னேன். பேசாமல் இருந்தார்.

“தப்பா இருந்தா தெரிஞ்சவங்க திருத்துவாங்க.” யார் திருத்துவது? ஒரு படத்தைத் திருத்துவதற்குள் அது நாற்பது பேருக்குப் போயிருக்கும். நான் அனுப்பிய ஊசி ஈயின் படம் வேறொரு குழுவிலிருந்து சுற்றி, என் பெயர் இல்லாமல், எனக்கே திரும்பி வந்தது. இப்படிப் பெயர் ஒட்டிய படங்கள்தான் நாளைக்கு இன்னொரு இயந்திரத்துக்குப் பாடமாகும். நம் தப்பை நமக்கே அது திருப்பிச் சொல்லும். நாமும் “பாருங்க, கம்ப்யூட்டரே சொல்லுது” என்போம்.

“டாக்கினிட் எல்லாமே விவசாயிக்கு நண்பன்தான், எந்த இனமா இருந்தா என்ன?” இது இன்னொரு பக்கத்துப் பொய். ஒரே குடும்பத்தில் பட்டுப்புழுவைக் கொல்லும் ஊசி ஈயும் இருக்கிறது. கரும்புத் தண்டுக்குள் குடையும் புழுவைத் தேடிக் கொல்லும் ‘ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ்’ ஈயும் இருக்கிறது. இதைக் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்று மாப்பிள்ளைக்கு எமன். இன்னொன்று கரும்புக்காரருக்குக் காவல்காரன். படத்தில் இரண்டும் சாம்பல் நிற முள்முடி ஈக்கள்தான்.

நண்பன் என்ற பட்டம் கொடுத்து ஏமாந்த கதை பெரிய நாட்டிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மரங்களை மொட்டையடித்த ஜிப்சி அந்துப்பூச்சியை ஒழிக்க, ஐரோப்பாவிலிருந்து ‘காம்ப்சிலூரா கான்சின்னேட்டா’ என்ற டாக்கினிட் ஈயைக் கொண்டுவந்து 1906 முதல் 1986 வரை திரும்பத் திரும்ப விட்டார்கள். அது ஜிப்சியோடு நிற்கவில்லை. ஏறக்குறைய 200 வகைப் பூச்சிகளின் புழுக்களைத் தாக்கியது. அந்த நாட்டுக்கே உரிய பெரிய பட்டு அந்துப்பூச்சிகள் குறைந்துபோனதற்கு அந்த ஈயும் ஒரு முக்கியக் காரணம் என்று பிற்பாடு ஆராய்ந்து சொன்னார்கள். ஈக்கு நாம் வைத்த பட்டம் தெரியாது. அதற்குத் தெரிந்தது புழு.

“அப்படின்னா பேரே வேண்டாமா? எல்லாத்தையும் ஈ, ஈன்னு சொல்லிட்டுப் போறதா?” இதுதான் நியாயமான கேள்வி. பெயர் வேண்டும். பெயர் முக்கியம் என்பதால்தான் இவ்வளவு சண்டை. படம் எதுவரை தாங்குகிறதோ அதுவரை பெயர் சொல்லுங்கள். “டாக்கினிட் குடும்பம்” என்பது முழுமையான, மரியாதையான பதில். அதற்கும் வழியில்லை என்றால் “முள்முடி ஈ, இனம் தெரியவில்லை” என்று எழுதுங்கள். மூன்று இலக்கம் தெரிந்தால் மூன்று இலக்கம்.

படம் எடுப்பதையும் ஒழுங்காக எடுக்கலாம். மேலேயிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று. பக்கத்தில் ஒரு தீக்குச்சி இருந்தால் அளவு தெரியும். எந்தச் செடி, என்ன தேதி, அந்தச் செடியில் என்ன புழு இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த நாலு வரி, உங்கள் அழகான படத்தைவிட உபயோகமாக இருக்கும்.

அதைவிட நல்ல வழி, புழுவை வளர்ப்பது. இப்போது நான் அதைத்தான் செய்கிறேன். செடியில் சோர்ந்துபோன புழு தெரிந்தால், காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடியில் கொஞ்சம் மண் போட்டு, அதே செடியின் இலையோடு வைத்து, வாயில் துணி கட்டிவிடுவேன். ஒட்டுண்ணி விழுந்திருந்தால், புழு செத்தபின் உள்ளேயிருந்து வெள்ளைப் புழுக்கள் வந்து, சிவப்பும் பழுப்புமாக நெல்மணி போன்ற கூட்டுப்புழுவாகும். கொஞ்ச நாளில் ஈ வரும். அப்போது இந்த ஈ இந்தப் புழுவிலிருந்து வந்தது என்பதாவது சந்தேகமில்லாமல் தெரியும். தோட்டத்தில் எடுத்த எந்தப் போட்டோவும் அதைச் சொல்லாது.

பட்டு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கேள்விக்குப் பதில் ஷெட்டுக்குள் இருக்கிறது. எந்த மாமாவின் செல்போனிலும் இல்லை. புழுவின் உடம்பில் வெளிர் முட்டை இருக்கிறதா, கறுப்புத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி ஈக்கு வழி, வலை, புழுவின் மேல் உள்ள முட்டையை அழிக்கும் மருந்து, ஊசி ஈயின் கூட்டுப்புழுவைக் கொல்லும் ‘நெசோலிங்ஸ் தைமஸ்’ என்ற பொடிக் குளவி ஆகியவைதான். மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மல்பெரி வரப்பில் மருந்து அடிக்கும்படி யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னது என் ஆச்சரியக்குறி.

மாப்பிள்ளை அடுத்த பட்டமே மறுபடி முட்டை வாங்கி ஓட்டினான். தைக்குள் வளையலை மீட்டுவிட்டான். என்னோடு பழையபடிதான் பேசுகிறான். ஆனால் குழுவில் நான் என்ன படம் போட்டாலும் இப்போது ஒரே கேள்வி கேட்கிறான்: “எப்படித் தெரியுதுங் மாமா?” கேலியாகக் கேட்கிறானா, உண்மையாகவே கேட்கிறானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எப்படியானாலும் அது நல்ல கேள்வி. உங்களுக்கும் யாராவது பூச்சிப் படம் பெயரோடு அனுப்பினால் அதையே கேளுங்கள். எனக்கும் சேர்த்து.

என் மேஜைமேல் இப்போது ஒரு பாட்டில் இருக்கிறது. போன வாரம் அவரைச் செடியிலிருந்து எடுத்த ஒரு புழுவிலிருந்து இரண்டு ஈக்கள் வந்திருக்கின்றன. நான்கு கோடு. கேடயத்துக்கு அடியில் புடைப்பு இருக்கிறது. உணர்கொம்பு இழை வெறுமையாக இருக்கிறது. துண்டுச் சீட்டில் “டாக்கினிட் குடும்பம், அவரைப் புழுவிலிருந்து” என்றும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த மாதம் கோவை போகும்போது அந்த அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.